கயிற்றை விட்ட கை

சென்ற ஆண்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கிள்ளானுக்குக் கோமுட்டர் ரயில் ஏறினேன். அங்கே எங்கள் வாசிப்புக் குழுவின் கூட்டம். பேச்சாளர் அடியேன்தான். தலைப்பு, ‘சோசலிச இயக்கங்கள் ஏன் உடைந்தன?’

அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடமாக இந்தச் சரித்திரத்தைத்தான் படிக்கிறேன். முதல் உலகப் போர் வந்ததும் ஐரோப்பிய சோசலிஸ்டுகளில் பெரும்பாலோர் அவரவர் அரசின் பின்னால் போனது, புரட்சியா சீர்திருத்தமா என்று பிரிந்தது, பிரிந்தவர்கள் மறுபடி பிரிந்தது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருபது பக்கம் எழுதியிருந்தேன். யார் யார் எப்போது தடுமாறினார்கள், யார் காலை வாரினார்கள் என்பதுதான் அதில் பாதி. தடுமாறியவர்களை அன்றைக்கே கழற்றிவிட்டிருந்தால் உலகமே வேறாக இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். வேலையில் இருந்தவரை மேலதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆள் எழுதியது இது!

சாப்பாட்டு மயக்கம், ஏர்கோன் குளிர், ஜன்னலில் மழை. கண் சொருகிவிட்டது. விழித்தபோது ரயில் காலி. கிள்ளானைத் தாண்டி, பாதை முடிகிற துறைமுகத்துக்கே வந்துவிட்டிருந்தேன்.

குழுவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் இருந்ததால், தேத்தண்ணீர் குடிக்கலாம் என்று வெளியே நடந்தேன். தூக்கம் முழுதாகக் கலையவில்லை. மழைப் புகையில் கிரேன்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது. நடக்கிறேனா, கனவு காண்கிறேனா என்றே சந்தேகம்.

ஒரு கிடங்கின் கேட்டுக்கு எதிரே, நீலக் கென்வஸ் பந்தலுக்குக் கீழே பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

“அங்கிள், நனையாதீங்க லா! உள்ள வாங்க!” என்றாள் ஒருத்தி. என் மகள் வயதிருக்கும்.

சுடச்சுடத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாரும் பக்கத்துப் பண்டமாரான்காரர்கள், அந்தக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவர்கள். கூட வேலை செய்தவள் மயங்கி விழ, என்னைக் கூப்பிட்ட இந்தப் பெண் சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அனுமதியில்லாமல் போனாள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவளைத் திரும்ப எடுக்கும்வரை, மற்றவர்கள் ஷிப்ட் முடிந்ததும் இங்கே வந்து உட்காருகிறார்கள். அன்று மூன்றாவது நாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? உலகத் தொழிலாளர் வரலாற்றை ஆரம்பித்துவிட்டேன்.

“அங்கிள், கதைய அப்புறம் சொல்லுங்க. கம்பு சாஞ்சிருச்சு, மொதல்ல இந்தக் கயித்தப் புடிங்க.”

பிடித்தேன். மேலே கென்வஸில் மழைநீர் தேங்கிக் கனத்தது. கீழே நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அந்த ஈரத்தில், சோற்று வாசனையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே நின்றபோது மனசு எங்கோ மிதந்தது. இத்தனை வருடம் படித்த பக்கங்களுக்குள்ளேயே நடந்து வந்துவிட்டது போலிருந்தது.

கேட் திறந்தது. குடையோடு வந்த மேனேஜர், யார் தலைவர் என்று மலாயில் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரையும் தனியாக முன்னால் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவர் பார்வை என்மேல் நின்றது. நரைத்த தலை, கண்ணாடி, தோளில் பை. வேறு யார் தலைவராக இருக்க முடியும்? என் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கேட்டுக் கையை நீட்டினார்.

நான் இல்லை பாஸ், இவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, ரயிலில் தூங்கிவிட்டேன் என்று உளறிக்கொண்டே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.

கயிறு போயிற்று. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவர்கள் தலையிலும் சோற்றிலும் கொட்டியது. மேனேஜர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. போய்யா என்று துரத்துவார்கள் என எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் துரத்தியிருப்பேன். வேலை போன அந்தப் பெண் முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஐயோ அங்கிள், எல்லாரையும் குளிக்க வெச்சிட்டீங்களே!”

குபீரென்று சிரிப்பு. அவள் பக்கத்திலிருந்த ஒரு நடுவயதுப் பெண்ணைக் காட்டினாள். “பயந்துட்டீங்களா? நேத்து மேனேஜரப் பாத்ததும் இந்தக்காவும் வீட்டுக்கு ஓடிட்டாங்க. இன்னிக்கு வந்துட்டாங்கல்ல? பரவால்ல, புடிங்க.”

கயிற்று நுனியை என் கையிலேயே வைத்தாள். அழுதேவிட்டேன், ஒளிப்பானேன்.

மாலையில் மேனேஜர் மறுபடி வந்தபோது, அவர் கேட்காமலே ஐசியை எடுத்து நீட்டினேன். அவர் அதைச் சீந்தவே இல்லை. அவளையும் இன்னும் இரண்டு பேரையும் பேச உள்ளே அழைத்துப் போனார்.

கிளம்பும்போது என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள்; புதன்கிழமை அவளிடமிருந்து போன். “வார்னிங் லெட்டர் ஒன்னு குடுத்துட்டாங்க அங்கிள். ஆனா கிடங்கு உள்ளதான் நின்னு பேசுறேன்!”

அன்றிலிருந்து யாராவது பயந்து பின்வாங்கினால், கோபம் வருவதற்குமுன், ஓடிப்போனவளையும் கைவிட்டவனையும் தங்களோடு சேர்த்தே எண்ணிக்கொண்ட அந்தப் பதினொரு பேரை நினைத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த சோசலிசம் இப்போதைக்கு அவ்வளவுதான்.