மகனின் புதிய ஆல்பம்

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார். போனை அடிக்கடி முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, எம் மவன் பாட்டு இன்னைக்கு வெளிய வந்திருக்காம். அவன் கூட்டாளி சொன்னான். எடுத்துக் குடுங்களேன்."

அப்பாவோடு சண்டை போட்டு பெங்களூருக்குப் போனவனாம். அதற்குப் பிறகு பேச்சே இல்லையாம்.

பெயரைக் கேட்டுத் தேடி எடுத்தேன். பிளாக் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை ஆல்பம். அட்டைப்படத்தில் முகமெல்லாம் வெள்ளைச் சாயம் பூசிய நான்கு பேர்.

"இதுல பாடமாட்டாங்கம்மா, அலறுவாங்க" என்று சொல்லித்தான் இயர்போனைக் கொடுத்தேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. திருச்செந்தூர் தாண்டி, ஆறுமுகநேரி உப்பளங்கள் வந்தபோதும் காதிலிருந்து கழற்றவில்லை. எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வெளங்கல தம்பி. சின்னதுல அவனுக்கு மூச்சிழுப்பு உண்டு. ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேச முடியாது. இப்ப எம்புட்டு நேரம் மூச்சு விடாமக் கத்துதான், பாத்தீங்களா?"

தூத்துக்குடியில் இறங்கிப் போய்விட்டார். பிறகு அந்த ஆல்பத்தை நானும் பலமுறை கேட்டுவிட்டேன். எனக்கு அலறல் மட்டும்தான் கேட்கிறது.