புல்லைப் பார்த்திருந்த செல்வமணி அக்கா

"செல்வா போய்விட்டாள்" என்று பக்கத்து வீட்டு டொரீன் வேலிக்கு மேலால் ஆங்கிலத்தில் சொன்னபோது, "எங்கே, திரும்பவும் கவுன்சிலுக்கோ?" என்றுதான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது? செல்வமணி அக்கா ஓயாமல் போகிற இடம் அந்த நகரசபைதானே. டொரீன் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தபோதுதான் விளங்கியது. காலையில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றவராம். மாரடைப்பாம்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லண்டனில், நோர்பரியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. எண்பதுகளில் இங்கே முதலில் வீடு வாங்கிய தமிழர் அவர்தான். பிறகுதான் தெரு தமிழரால் நிறைந்தது. கலியாணம் செய்யவில்லை. பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அந்தக் குரலைப் போனில் கேட்டாலே பாதிப் பேருக்குப் பல்வலி மாறிவிடும் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இருவரும் வந்து இறங்கிய முதல் குளிர்காலம் அவருடைய முன்னறையில்தான் கழிந்தது. நான் ஹீற்றரைக் கூட்டினால் அவர் குறைப்பார், நான் குறைத்தால் அவர் கூட்டுவார். எங்களுக்குள் சண்டை இல்லாத நாளே கிடையாது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவிரவாக முழித்திருப்பவரும் அவர்தான்.

தொண்ணூறுகளில் ஒரு கோடைக்கு அவர் அமெரிக்காவிலிருந்த தங்கையிடம் போனார். அரிசோனாவில், பாலைவனத்தின் விளிம்பில் புதிதாகக் கட்டிய குடியிருப்பாம் அது. பளபளவென்ற வீடுகள், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த பற்றைக் காடு. அவர் நின்ற நாட்களில் அந்தப் பற்றையில் தீப் பிடித்து, பொலிஸ்காரர் வந்து எல்லாரையும் கிளப்பினார்களாம். அங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பை ஆயத்தமாக இருந்ததாம், எந்தத் தெருவால் போவதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். இதை அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்கே பாடமாகிவிட்டது.

திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய் வேலிக்கு அப்பால் பார்த்தார். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெளி இருக்கிறது. அந்தக் கோடையில் மழையே இல்லை. தோட்டத்துக்குக் குழாயால் தண்ணீர் விடவும் தடை. புல் இடுப்பளவுக்கு வளர்ந்து காய்ந்து நின்றது.

"இவ்வளவு நாளும் இதைப் புல்லெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். இது விறகு, பிள்ளை" என்றார்.

அன்றே தொடங்கியது. எங்கள் தெருவுக்கு ஒரே வாய்தான், மறுபக்கம் அடைப்பு. இரண்டு கரையிலும் கார்கள். தீ வந்தால் எப்படி வெளியேறுவது என்று கவுன்சிலுக்கு நடையாய் நடந்தார். ஒருமுறை அங்கிருந்த மனிதர் சிரித்துக்கொண்டே, லண்டனில் மழைதான் வரும், குடை வாங்குங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினாராம். நாங்கள் மட்டும் என்ன திறமோ? 'புல்லக்கா' என்று பட்டம் வைத்தோம். அது அவருக்கும் தெரியும். "ஓம், புல்லக்காதான். உங்களை எல்லாம் வெளியிலை எடுக்கிறவளும் இவள்தான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் தானே ஓர் ஏற்பாடு செய்தார். புகையைக் கண்டால் அவர் ஒரு வீட்டுக்குப் போன் அடிப்பார், அவர்கள் அடுத்த வீட்டுக்கு அடிக்க வேண்டும், எல்லாரும் தெருமுனைக்கு வந்துவிட வேண்டும். பதற்றத்தில் கதை வளர்க்கக் கூடாது, ஒரே ஒரு சொல் போதும் என்றார். 'ஓடுங்கோ' என்று வைப்போம் என்றார் என் கணவர். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஓடுங்கோ எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. சண்டைக்குப் பயந்து ஊரிலை நாங்கள் ஓடினதே போதும்."

ஆகையால் 'வெளிக்கிடுங்கோ' என்று முடிவாயிற்று. டொரீனுக்கும் அந்தச் சொல்லைப் பழக்கினார். அவர் "வெல்லிக்கிடுங்கோ" என்று நாக்கைச் சுழற்றிச் சொல்ல, எங்களுக்கு ஒரே சிரிப்பு.

சிரித்த எங்களுக்குத்தான் மூளை இல்லை. யாழ்ப்பாணத்தாருக்கு வெளிக்கிடுவதென்றால் புறப்படுவதும்தான், சேலை உடுத்துத் தலை வாரிப் பொட்டு வைப்பதும்தான்.

ஒரு சனிக்கிழமை. மாலையில் வட லண்டன் எட்மண்டனில் பூப்பெய்திய ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, தெருவுக்கே அழைப்பு. மத்தியானம் போன் அடித்தது. "வெளிக்கிடுங்கோ" என்று சொன்ன குரல் வைத்துவிட்டது. எங்களை ஏற்றிப் போக ஒழுங்கு செய்த வான் முன்கூட்டியே வருகிறதாக்கும் என்று நினைத்து, அடுத்த வீட்டுக்கும் அதையே சொல்லிவிட்டுக் கூறைச் சேலையை எடுத்தேன். புகை மணத்தது. யாரோ பின்வளவில் இறைச்சி சுடுகிறார்கள் என்று நினைத்தேன். தெரு முழுவதும் அந்நேரம் பெண்கள் கொசுவம் பிடித்துக்கொண்டு நிற்க, தெருமுனையில் அக்கா எங்களைக் காத்து நின்றிருக்கிறார். அவரோடு வந்து நின்றது டொரீன் ஒருவர்தான், காலில் வீட்டுச் செருப்பும் கையில் பூனையுமாக. தமிழ் தெரியாத மனுசிக்குத்தான் அந்தச் சொல் சரியாக விளங்கியிருக்கிறது!

அக்கா திரும்பி ஓடிவந்தார். வீடு வீடாகக் கதவில் அடித்து அடித்து, கடைசியாக அடைப்புப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வாயில் ஊசியோடு நிற்கிறேன். அவர் வீட்டில் போடும் சோட்டிச் சட்டையோடு, மூச்சு வாங்க நிற்கிறார்.

"சீலையை விடு பிள்ளை. வேலி எரியுது, வா."

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் பின்வேலி உயரத்துக்கு நெருப்பு! மேலே என் கணவர், பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துக் கட்டை போலக் கிடக்கிறார். அக்கா என்னை வாசல் பக்கம் தள்ளிவிட்டு மாடிக்கு ஏறினார். பிறகு மேலிருந்து ஒரு அலறல். கட்டிலருகே இருந்த செம்புத் தண்ணீர் முழுவதையும் அவர் முகத்தில் ஊற்றியிருக்கிறார். இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு என் கணவர் முன்னால் ஓடிவர, பின்னால் அக்கா இருமிக்கொண்டு வந்தார்.

தெருமுனையில் நாங்கள் பட்டும் நகையுமாக நின்றதைப் பார்த்துத் தீயணைப்புக்காரர் ஒருவர், இங்கே கலியாணமா என்று கேட்டார். வேலிகளும் எங்கள் தோட்டக் கொட்டிலும் எரிந்து போயின. வீடுகள் தப்பின. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில் அழுவதும் சிரிப்பதுமாக ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தோம். உடுத்ததுதான் உடுத்தோம் என்று எட்மண்டனுக்கும் புறப்பட்டோம். அக்காதான் வரவில்லை. அவருடைய அரக்குச் சேலை அயன் பிடித்து மினுக்கி வைத்தபடி கட்டிலில் கிடந்தது.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் புல்லைப் பாக்கிறன்" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கவுன்சில் அந்தப் புல்லை வெட்டுகிறது. வெட்டும்வரை இவர் விடுவாரா?

நேற்று அரிசோனாத் தங்கை வந்து சேர்ந்தார். அவரும் நானுமாக அந்த அரக்குச் சேலையை அக்காவுக்கு உடுத்தினோம். கொசுவம் சரிவரவில்லை, அவர் இருந்திருந்தால் ஏசியிருப்பார். இன்று அக்காவை ஏற்றிப் போகும் வாகனம் வாசலுக்கு வந்ததும் டொரீன் பூங்கொத்தோடு கிட்ட வந்தார். எல்லாரும் அழுதுகொண்டு நிற்க, அவர் குனிந்து, "வெல்லிக்கிடுங்கோ, செல்வா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சேலை உடுத்திப் பொட்டு வைத்து, அக்கா வெளிக்கிட்டுத்தான் இருந்தார்.

வாகனம் தெருவின் அந்த ஒரே வாயால் திரும்பியது. செத்தவீட்டில் 'போயிட்டு வாங்கோ' என்று சொல்லக் கூடாது. ஆகையால் இப்படிச் சொல்கிறேன்.

போங்கோ அக்கா. புல்லை நாங்கள் பாக்கிறம்.