ஓடும்போதே பிடிக்க வேண்டும்

"வளையலைக் கழட்டு. கைய ஆட்டாத. மூச்சு வுடு, ஆனா பேசாத." ஜமுனாமரத்தூர் மருத்துவ முகாமில் ஈ.சி.ஜி. எடுக்கும் கன்னியம்மாள் எல்லா நோயாளிகளிடமும் இதை ஒரே மூச்சில் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் படுத்திருப்பவர் ஏதாவது கேட்டுவிடுவார். ஈ.சி.ஜி. தாளில் கோடு நடுங்கும். தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் வளையலிலிருந்து தொடங்குவார்.

ஆலங்காயத்துக்காரர். வாரம் ஒருமுறை மருத்துவமனை ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறுகிறார். ஈ.சி.ஜி. பெட்டியைப் பிறர் தொடக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டுவார்.

அவரை அதிகம் படுத்தியவர் சாமை பயிரிடும் செல்லியம்மாள். சுமை தூக்கினால் நெஞ்சு தறிகெட்டு ஓடும், கண் இருட்டும். ஒருமுறை பாறையில் விழுந்து மண்டை உடைந்தது. முகாமில் வந்து படுத்தாலோ கோடு ஒழுங்காகப் போகும்.

"இன்னா பண்றது? உன் பொட்டியக் கண்டா அடங்கிப் பூடுது" என்று சிரிப்பார்.

டாக்டர் பஞ்சாட்சரம் சொல்லிப் பார்த்தார். "நெஞ்சு ஓடுறப்பவே கோட்ட எழுதணும். எந்த ஒயர்ல அலை மேல போவுது, எதுல கீழ போவுதுன்னு பார்த்தா, இதயத்துல எந்த மூலையிலேர்ந்து கெளம்புதுன்னு வெளியிலேர்ந்தே சொல்லிடலாம். இல்லன்னா மெட்ராசுல தொடை வழியா உள்ள ஒயர் வுட்டுத்தான் தேடணும்."

செல்லியம்மாள் எழுந்தே விட்டார். "செத்தாலும் சாவறேன், அதுக்கு வர மாட்டேன்."

வேறு வழியில்லை. சாமை அறுப்பு நாளில் கன்னியம்மாள் பெட்டியோடும், டாக்டர் மருந்துப் பையோடும் அவருடைய சாமைக் கொல்லைக்கே நடந்தார்கள். செல்லியம்மாள் கதிர்க்கட்டைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். நெஞ்சு அசைந்து கொடுக்கவில்லை. வெயில் ஏறியது. கன்னியம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

"ஓடுது ஓடுதுன்னியே, எங்கம்மா ஓடுது? பொய்யா சொன்ன?"

"யாரு பொய் சொன்னது? உன்ன எவ கூப்ட்டா?" கத்திக்கொண்டே அடுத்த கட்டைத் தலைக்கு ஏற்றிய செல்லியம்மாள் சட்டென்று நின்றார். கட்டு சரிந்தது. கை நெஞ்சுக்குப் போனது. "வந்துட்ச்சி."

கன்னியம்மாள் அவரை அறுத்துப் போட்ட சாமைக் கதிர்மேல் சாய்த்தார். கைகால்களில் பட்டை, நெஞ்சில் ரப்பர் குமிழ்.

"பேசாத!"

"உசுரு போவுது, பேசக் கூடாதாம்!"

"அப்புறம் பேசு!"

குமிழை ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். பெட்டியின் ஊசி தாளில் பாய்ந்தது. கடைசி இடத்தை எழுதி முடித்த சற்று நேரத்தில் ஓட்டம் தானாக அடங்கியது.

டாக்டர் தாளை வெயிலில் விரித்துப் பார்த்தார். "வலது கீழறை. ரத்தம் வெளிய போற வாசல் பக்கம். அங்கேர்ந்துதான் கெளம்புது. இந்த வகை பெரும்பாலும் மாத்திரைக்கே கேக்கும். மெட்ராஸ் இப்ப வேணாம்."

மாத்திரைக்குக் கேட்டது. செல்லியம்மாள்தான் அதன் பிறகு மாத்திரைக்கு ஆள் அனுப்புவதோடு சரி, முகாம் பக்கமே தலைகாட்டவில்லை. கன்னியம்மாள் வாராவாரம் அவரை வைதார்.

போன வாரம் ஜீப் இறங்கும்போது, ஏற்றத்தில் புளி மூட்டையைச் சுமந்துகொண்டு செல்லியம்மாள் விறுவிறுவென்று வந்தார். கன்னியம்மாள் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். "மாத்திரைய முழுங்கறியா, மாட்டுக்குப் போடறியா? வந்து காட்றதுக்கு இன்னா கேடு?" என்று திட்டிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு சுமையோடு ஏறி வந்தும் நாடி தப்பாமல் சீராக அடித்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். கன்னியம்மாள் கையை விடவில்லை.