இரண்டு பேர் போகிற கார்

கமலாம்பிகை கல்யாணமாகிப் பதுளைக்கு வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரயிலிலிருந்து முதலில் இறங்கியது மாப்பிள்ளை தர்மராசா. இரண்டாவதாக ஒரு சாக்குப் பனங்கிழங்கு. மூன்றாவது தர்மராசாவின் தாய்மாமன் அம்பலவாணர், நான்காவது தர்மராசாவின் தங்கை குணமணி. கடைசியாகத்தான் புதுப்பெண் இறங்கினாள், அதுவும் கையில் மாமாவின் குடையோடு.

மாமா ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், காற்று மாறிப் போக வந்தவர். அது 1950ஆம் ஆண்டு. 1955 வரைக்கும் அந்த ஒரு கிழமை முடியவில்லை.

நான் அடுத்த வீட்டு ஜெயமலர். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகையால் மற்றவர்களின் கல்யாணங்களைக் கவனிக்க நிறைய நேரம் இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செவ்வரத்தை வேலி. கமலாம்பிகை மனம் விட்டுக் கதைத்ததெல்லாம் அந்த வேலியோடுதான்.

அவள் வீடு அரசாங்கம் கொடுத்த குவார்ட்டர்ஸ். தர்மராசா பீ. டபிள்யூ. டி. கந்தோரில் பாலம், மதகு, றோட்டு வளைவுகளுக்குப் படம் கீறுகிறவர். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் மாமாவும் அவருடைய இருமலும். விறாந்தையில் எப்போதும் ஊரிலிருந்து யாராவது ஒரு சொந்தக்காரர், வேலைக்கு நேர்முகம் என்றோ பல்லுப் பிடுங்க என்றோ வந்து படுத்திருப்பார். குணமணி கூடத்தில் இருந்து டைப் அடித்துப் பழகினாள். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாதவை. இந்த அறையில் புருஷன் பெண்சாதி குசுகுசுத்தால் அந்த அறையிலிருந்து மாமா, “என்ன, எனக்கு விளங்கேல்லை” என்பார். கோயிலுக்கு ஐந்து பேர், படத்துக்கு ஐந்து பேர், கமலாம்பிகைக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கும் ஐந்து பேர் போனார்கள். இதற்கு மேலே மாமா அவளைப் பார்த்து, “பிள்ளை, இன்னும் ஒரு விசேஷமுமில்லையோ?” என்று கேட்பார். எனக்கு வேலியைப் பிய்த்துக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கும்.

தர்மராசா கெட்டவரல்ல. கெட்டவராக இருந்தால் சண்டை பிடிக்கலாம். அவர் தங்கமான மனிதர், இல்லை என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் “பாப்பம்” என்பார், உடனே சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துப் படம் கீறத் தொடங்கிவிடுவார்.

அடுத்த வருஷம் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் மதகுக்கு அளவெடுக்கப் போனார். அங்கே தேயிலை ஸ்டோருக்குப் பின்னால், சாக்குகளுக்குக் கீழே, ஒரு சிவப்புக் கார் கிடந்தது. பதிந்த உடம்பு, நீண்ட மூக்கு, ஓடுவதற்கென்றே செய்த ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்கே திரும்பிப் போகிற அவசரத்தில் இருந்தார். கிட்டத்தட்டச் சும்மா கொடுத்துவிட்டார். தோட்டத்து லொறிக்காரர் தம்பையா அதைக் கயிற்றில் கட்டி மலையிறக்கிக் கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் வாசலில் கூடினோம்.

“அய்யா, பிரேக்கு மட்டும் பாத்துக்கங்க. அப்புறம், இதுல ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாதுங்க. தொரையே நாய பங்களாவுல விட்டுட்டுத்தான் போவாரு” என்றார் தம்பையா.

கமலாம்பிகை காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். அன்று பின்னேரம் வேலிக்கு வந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“ரீச்சர், ரெண்டே ரெண்டு சீட். மூண்டாமாள் மடியிலயும் இருக்கேலாது.”

“அதுக்கென்ன?” என்றேன், தெரிந்துகொண்டே.

“எல்ல ஊர் வரைக்கும் ஒருக்காப் போட்டு வரவேணும். றெஸ்ற் ஹவுஸ் முத்தத்தில நிண்டால் மலை ரெண்டாப் பிளந்து கீழ தென்பக்கம் முழுக்கத் தெரியுமாம். இவர் சொன்னவர். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம். ஒரு நாள் போதும் எனக்கு.”

அவள் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, ஊரில் வீடு கேட்கவில்லை. அடுத்த நாளே வாஹித் நானாவின் புடவைக்கடையில் நீலத்தில் வெள்ளைப் பொட்டுப் போட்ட ஒரு தலைத்துணி வாங்கினாள். தோட்டத்துத் துரைசானி ஒருத்தி தலையில் அப்படிக் கட்டிக்கொண்டு காரில் போனதை அவள் பார்த்திருக்கிறாள். வீட்டில் குளிருக்கென்று சொல்லி, பெட்டிக்குள் பூச்சி உருண்டையோடு வைத்தாள்.

கார் ஆற்றுப் பக்கத்திலிருந்த இப்றாஹீம் நானாவின் கராஜுக்குப் போனது. அவர் அடியில் படுத்து எழும்பி, “பிரேக்கும் றேடியேட்டர்ல ஒரு சின்ன ஓட்டையுந்தான் அய்யா. ஒரு கெழமைல ஓடும்” என்றார். சொன்னபடியே ஒரு கிழமையில் பிரேக்கும் பிடித்தது, ஓட்டையும் அடைபட்டது. கமலாம்பிகை சேலையை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அன்று இராச் சாப்பாட்டில் மாமா ரசத்தை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

“அது சரி தர்மா, எனக்கு எங்கை இடம்?”

தர்மராசா பென்சிலை எடுத்தார்.

பின்னுக்கு ஒரு சின்னச் சீட். படத்தில் மிக அழகாக இருந்தது, நானும் பார்த்தேன். அதை வைக்கப் பின்பக்கத்தை வெட்டினார்கள். வெட்டியபோது உள்ளே மரச்சட்டம் முழுவதும் கறையான் தின்றிருப்பது தெரிந்தது, எனவே சட்டம் முழுக்கப் புதிதாக வேண்டியிருந்தது. சட்டம் பாதியில் நிற்கும்போது, மாமா போனால் குணமணியைத் தனியாக விட்டுப் போவது எப்படி என்று ஒரு கேள்வி எழும்பியது. சீட் அகலமானது. நாலு பேர் பாரத்துக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் வில் தாங்காது என்று இப்றாஹீம் சொன்னார், பழைய லொறியொன்றின் வில்லை வெட்டிப் பொருத்தினார். வில் கனத்ததும் எஞ்சின் மலை ஏறாது என்றாயிற்று. வேறு எஞ்சின் தேடிக் கண்டியிலிருந்து ஒன்று வந்தது. அது நீளமாயிருந்தது, மூக்கை நீட்ட வேண்டும். மூக்கு நீண்டால் மழைக்கு விரிக்கிற கூடாரத் துணியும் நீள வேண்டும். கடைசியில் காரின் உடம்பையே கழற்றித் தச்சுப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு, வெறும் அடிச்சட்டத்தைக் கல்லுக்கு மேல் ஏற்றி வைத்தார்கள்.

இப்றாஹீமைக் குறை சொல்ல மாட்டேன். கள்ளமில்லாத வேலைக்காரர். ஆனால் அவருக்கும் இல்லை என்று சொல்ல வராது. அப்படிப்பட்ட இரண்டு ஆண்கள் ஒரு காருக்கு முன்னால் சந்தித்துக்கொண்டால் அந்தக் காரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். சனிக்கிழமை தோறும் இருவரும் அதன் முன்னால் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “இதையும் செஞ்சிட்டா முடிஞ்சிது” என்பார்கள்.

ஒவ்வொரு புதுப் படத்தையும் தர்மராசா பெண்சாதியிடம்தான் முதலில் காட்டுவார். அவள் பார்த்துவிட்டு, “நல்லாக் கிடக்கு” என்பாள். இதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“உனக்கென்ன வாய் இல்லையோ? இந்தச் சீட் எனக்கு வேண்டாமெண்டு சொல்லன்.”

“என்னெண்டு ரீச்சர் சொல்லுறது? மாமாவை விட்டிட்டுப் போவமெண்டோ? தாய் தேப்பன் இல்லாத இவரை வளத்து ஆளாக்கினவர் அவர்.”

“அவருக்கு நீ சமைச்சுப் போடுறாய் தானே. போதாதோ?”

“கேட்டால் இவர் பாப்பமெண்டுவார். எனக்கும் பாப்பம், அவருக்கும் பாப்பம். பிறகு ரெண்டு பேருக்கும் பொருந்துற மாதிரி ஒரு படம் கீறுவார்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஆசைப்பட்டது காருக்கல்ல. அந்த மனிதர் ஒரு தடவையாவது அவளுக்காக ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். அது நடக்கும் என்று நான் நம்பவில்லை.

1955இல் தர்மராசாவுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. மன்னாரில் மலையுமில்லை, எல்லவுமில்லை. அந்த வெயிலில் தன்னால் இருக்க முடியாது என்று மாமா ஊருக்கே போக முடிவெடுத்தார், ஆனால் மழைக்காலத்தில் வந்து நிற்பதாக ஆறுதல் சொன்னார். காரை இப்றாஹீமே விற்றுத் தருவதென்று பேச்சு.

“விக்க முந்தி எஞ்சினை ஒரு தடவை றோட்டுல ஓட்டிப் பாக்கணும் அய்யா. ஓடாததை எவன் வாங்குவான்?” என்றார் அவர்.

அதனால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோருமாகக் கராஜுக்குப் போனோம். கமலாம்பிகை என் பக்கத்தில் நடந்து வந்தாள். கைப்பை ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கார் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நாலு சில்லு, ஒரு எஞ்சின், நட்டு வைத்த மாதிரி ஒரு ஸ்டியரிங். கதவில்லை, தரையில்லை, மூக்கில்லை. சீட்டுக்குப் பதிலாக இரண்டு வெறும் தேயிலைப் பெட்டிகளைக் கயிற்றால் சட்டத்தோடு வரிந்து கட்டியிருந்தார்கள். பெற்றோல் தாங்கியும் பட்டறையில் கிடந்தது, ஆகையால் ஒரு தகரத்தில் பெற்றோல் விட்டு, றப்பர்க் குழாய் ஒன்றை எஞ்சினுக்குச் சொருகியிருந்தார் இப்றாஹீம். தர்மராசா ஓட்டும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து தகரத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இப்றாஹீமே ஏறப் போனார்.

“நானா, அதை என்னட்டைத் தாங்கோ. நான் பிடிக்கிறன்.”

திரும்பிப் பார்த்தேன். கமலாம்பிகை கைப்பையைத் திறந்து நீலத் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பூச்சி உருண்டை மணம் என் மூக்குக்கு வந்தது.

“பிள்ளை, உனக்கென்ன விசரோ? சனம் என்ன சொல்லும்?” என்றார் மாமா.

“மாமா, இந்தக் கார் ரெண்டு பேருக்கெண்டுதான் வந்தது. நான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை. இப்ப கேக்கிறன். நானும் இவரும் மட்டும் ஒருக்காப் போட்டு வாறம்.”

சொல்லிக்கொண்டே தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள். தர்மராசா அவளைப் பார்த்தார். அந்தத் தலைத்துணியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கவனித்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

மாமா இலேசில் விடுகிறவரா? “சரி, போறதெண்டால் குணமணியும் ஏறட்டும். துணைக்கு ஒராள் வேணும். பின்னுக்கு இன்னொரு பெட்டியைக் கட்டினால் என்ன தர்மா?”

தர்மராசாவின் கை சட்டைப்பைக்குப் போனது. பென்சிலின் தலை வெளியே தெரிந்தது. முடிந்தது, இனி மூன்றாம் பெட்டிக்கு ஒரு படம், அதைத் தாங்க ஒரு சட்டம், மன்னாருக்குப் போகும் வரைக்கும் இதுதான் என்று நினைத்தேன். கமலாம்பிகை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பென்சிலை உள்ளே தள்ளினார்.

“இடமில்லை மாமா” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கமலாம்பிகைக்குக் கை கொடுத்துப் பெட்டியில் ஏற்றினார். “இறுக்கிப் பிடியும் கமலம்” என்றார். குணமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எஞ்சின் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டது. அந்த எலும்புக்கூடு கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, சந்தியில் நின்ற பொலிஸ்காரர் கையைத் தூக்கவும் மறந்துபோனார். ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் தகரத்தையும் பிடித்தபடி கமலாம்பிகை நிமிர்ந்து இருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்றோல் புகை என்று குணமணியிடம் சொன்னேன்.

எல்லவுக்குப் போகிற ஹாலி எலை றோட்டில் திரும்பினார்கள். அடுத்த சந்தி வரைக்கும் போய் வருவார்கள் என்று காத்திருந்தோம். வரவில்லை. இப்றாஹீம் மூன்று தரம் றோட்டுக்குப் போய் வந்தார். மாமா ஒரு பழைய டயரில் உட்கார்ந்து, நான் அப்பவே சொன்னேன் என்பதைப் பல விதமாகச் சொன்னார். வெயில் சாயத் தொடங்கியபோது எல்ல வழியாக ஒரு தோட்டத்து லொறி வந்து நின்றது. தம்பையாதான் ஓட்டி வந்தார்.

“ஒங்க அய்யாவையும் அம்மாவையும் பாத்தேங்க. ஹாலி எலைக்கு அங்கிட்டு பெட்ரோலு தீந்துபோயி நிக்கிறாங்க.”

“அல்லாவே, இதோ இப்பவே ஆளை அனுப்புறன்” என்று இப்றாஹீம் தகரத்தைத் தேடினார்.

தம்பையா தலையைச் சொறிந்தார். “அவசரமில்லீங்க நானா. கட்டி இழுத்துட்டு வரவான்னு நானே கேட்டேன். அய்யா வேண்டாம்னுட்டாரு. பெட்ரோலு வாங்கிட்டு ஒடனே வரவான்னு கேட்டேன், அதுக்கும் வேண்டாம்னுட்டாரு. அரிசி ஏத்திக்கிட்டு மெதுவா திரும்பி வர்றப்ப குடுத்தாப் போதுமாம்.”

ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் இல்லை சொல்லியிருக்கிறார். மாமா டயரிலிருந்து எழும்பி, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அவருக்குத் தேத்தண்ணி குணமணிதான் போட்டாள்.

அந்தக் காருக்கு உடம்பு கடைசி வரைக்கும் வரவில்லை. இப்றாஹீம் அதில் பலகை அடித்துப் பேக்கரிப் பாண் வண்டியாக்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை.

அவர்கள் பொழுதுபட்டுத்தான் திரும்பி வந்தார்கள். கமலாம்பிகை விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வேலிக்கு வந்தாள். சேலை முழுக்கப் பெற்றோல். தலைத்துணி கரி பிடித்துக் கறுத்திருந்தது.

“எல்ல வரைக்கும் போகேல்லையே” என்றேன். மனத்தாங்கலாகத்தான் இருந்தது.

“போகேல்லை ரீச்சர். ஒரு மதகுக் கட்டுச் சுவரிலதான் கனநேரம் இருந்தம். இவர் கந்தோரில கீறின மதகாம்.” துணியை அவிழ்த்து மடித்தாள். “நல்ல அகலமாக் கட்டியிருக்கு. ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்.”