இடப்பக்கம் போன சைலன்சர்

அண்ணன் வீட்டை விட்டு என்னோடு வந்து இருக்க முடியுமா என்று பார்க்க, ஹைதராபாத் வருவதாக அம்மா எழுதியிருந்தாள். நான்கு நாள் இருப்பாள், பிடித்தால் தங்கிவிடுவாள். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

திருமுல்கேரியில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக நான் தனியாக இருந்தேன். அரசுத் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் வேலை. அங்கே நான் ஒருத்திதான் பெண். மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மற்றவர்கள் கேரம் ஆடப் போயிருப்பார்கள். அறைக்குத் திரும்பிவிட்டால் மறுநாள் காலை வரை வாய் திறக்க வேலையிருக்காது. அம்மா தங்குவது அவளைவிட எனக்குத்தான் தேவை. அதை எழுதவில்லை. ஸ்டேஷனுக்கு வண்டியில் வருகிறேன் என்று மட்டும் எழுதினேன்.

வண்டி, ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள். சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. அந்த மாடலுக்குச் சாமான் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும். பட்டியல் போட்டேன்: கிக்கர் சுற்றும் வட்டம், கியர் லீவர், தரையிலிருந்து உயரம், ஸ்டாண்ட் மடங்கும் இடம், என் முழங்கால். வலப்பக்கம் கிக்கரும் கியரும் நெருக்கின; பழைய புகைக்குழாய் கிக்கர் பட்டே நசுங்கியிருந்தது. இடப்பக்கம் பிரேக் மட்டும்தான். குழாயை இடப்பக்கம் திருப்பி, பிரேக்குக்கு மேலே தூக்கி, பின்னால் கொண்டுபோனேன். வரைபடம் அழகாக வந்தது.

ஜீடிமெட்லாவில் ஒரு வெல்டிங் கடை வெள்ளிக்கிழமைதான் மூடும், ஞாயிறு திறந்திருக்கும். வெல்டருக்கு என் வயதுதான் இருக்கும். காய்ந்த மணலைக் குழாயில் இடித்து நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, சிவக்கக் காய்ச்சி வளைத்தோம். மணல் இல்லாவிட்டால் வளைவில் குழாய் ஒடுங்கிவிடும். மூன்று ஞாயிறு ஆனது. மூன்று நாளும் பேச ஆள் இருந்தது, மில்லிமீட்டரைப் பற்றித்தான் என்றாலும்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் குழாயைப் பொருத்தினோம். மறுநாள் காலை அம்மாவின் ரயில். பின்னால் யார் உட்காருவார்கள் என்று அவன் கேட்டான். அம்மா என்றேன்.

"அம்மா பேண்ட் பெஹன்தே க்யா, மேடம்?"

அம்மா பேண்ட் போடுவார்களா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். புடவை கட்டியவர்கள் ஒரு பக்கமாக, இடப்பக்கம் கால் போட்டுத்தான் உட்காருவார்கள். வண்டி ஓட்டும் நேரம் தவிர நானும் புடவை கட்டுகிறவள்தான். அம்மாவின் பாதம் வரும் இடத்தில், தொட்டால் தோல் உரியும் குழாயை வைத்திருந்தேன். மாற்ற நேரமில்லை. சூடு தடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைக் குழாயில் சுற்றிக் கொடுத்தான். ஓட்டிப் பார்த்தபோது கயிறும் சுட்டது.

ஸ்டேஷன் வாசலில் அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். கயிற்றின் அருகே புறங்கையைக் கொண்டுபோய் இழுத்துக்கொண்டாள்.

"நான் எங்கடி கால் வைக்கிறது?"

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆட்டோ பிடித்தேன். அம்மாவும் பெட்டியும் அதில், நான் பின்னால் வண்டியில்.

நான்கு நாளும் ரசம் வைத்தாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள். பகலில் அவளுக்கும் பேச யாரும் இல்லை. ஐந்தாம் நாள் ரயிலேறினாள். "நீ பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கே. நான் வந்தா உனக்கு இடைஞ்சல்" என்றாள். இல்லை, இரு என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டாயா என்று கேட்டேன்.

சைலன்சரைப் பற்றி அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் போனாள் என்றும் சொல்ல முடியாது.

குழாயை அறுத்து வலப்பக்கம் கொண்டுவர இன்னும் நான்கு ஞாயிறு ஆனது. கிக்கருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் கிடைத்தது. மாற்றிவிட்டேன், இப்போது கால் வைக்கலாம் என்று அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. அண்ணன் குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று மட்டும் எழுதியிருந்தாள்.