மீன்தொட்டிக்கும் ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் கழுவாமல் தப்பிக்கும் பொருள் கிடையாது. அப்பாவின் பைக், வயலுக்கு மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், அரிவாள், மிக்ஸி எல்லாம் வாசலில் வரிசை கட்டும். என் லேப்டாப்புக்குக்கூட ஈரத்துணியில் ஒரு துடைப்பு உண்டு. போன வருஷம் அந்த வேகத்தில் என் கண் மீன்தொட்டி மேல் விழுந்தது. அதிலும் ஒரு மோட்டார் ஓடுகிறதே, அதை மட்டும் எப்படி விடுவது?

தொட்டியைக் கும்பகோணத்தில் ஆசைப்பட்டு வாங்கியது நான். ஆடு மாடு வளர்த்தாலாவது பிரயோஜனம் உண்டு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது அம்மா. ஒரே மாதத்தில் மூன்று தங்கமீன்களும் அம்மாவுடையவை ஆகிவிட்டன. வயலிலிருந்து வந்து காலைக் கழுவியதும் அம்மா நின்று கதை பேசுகிற இடம் தொட்டி முன்னால்தான். அவையும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். அன்றைக்கு வரப்பில் வழுக்கி விழுந்தது யார் என்பது எனக்கு முன்னால் மீன்களுக்குத் தெரிந்துவிடும்.

கழுவினேன் என்றால் கொஞ்ச நஞ்சமாக இல்லை. மீன்களை வாளியில் விட்டுப் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். கூழாங்கல்லை அரிசி களைவது போல் நாலு தடவை களைந்தேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சு அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. பஞ்சாயத்துக் குழாயின் கீழே பிடித்து வெளுக்கிற வரை பிழிந்தேன். தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக அடித்தது. தொட்டியில் ஊற்றிய தண்ணீருக்குக் குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட மறக்கவில்லை. வேதியியல் படித்தவள் அல்லவா. ஸ்பாஞ்சுக்கு யார் சொட்டு மருந்து விடுவார்கள்?

கடைசியாகக் கண்ணாடிக்கு வெளியே சந்தனம், குங்குமம்.

"புது வீட்டுக்குக் குடிபோன மாதிரி இருக்குடி மூணும்," என்று அம்மா ரசித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வடிகஞ்சி போல் கலங்கிக் கிடந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடின. பெரியது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மா கையில் இருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"நீ என்னத்தடி பண்ணுன?"

மீன் வாங்கிய கடை அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பாஞ்சை எதில் கழுவினேன் என்று மட்டும் கேட்டார். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கிற கிருமிகள் அந்த அழுக்கில்தான் குடியிருக்குமாம். அவற்றைக் குளோரினில் கூண்டோடு அழித்திருக்கிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலசியிருக்க வேண்டும். தீனியை நிறுத்து, தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று, உடனே கடைக்கு வந்து கொஞ்சம் அழுக்கு வாங்கிக்கொண்டு போ என்றார்.

அப்பா காதில் அமோனியா மட்டும் விழுந்தது.

"யூரியா மூட்டையப் பிரிச்சா கண்ணு எரியுமே, அந்த வாடையா? அதுலயா மூச்சு விடுதுங்க?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. வயல் போர்வெல் தண்ணீரில் பிளீச்சிங் கிடையாது என்று இரண்டு பிளாஸ்டிக் குடத்தை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் தண்ணீரை அண்டாவில் ஆறவிட்டு, காற்றுப் பிடிக்கட்டும் என்று அம்மா டீ ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கித் தூக்கி ஊற்றியது.

நான் பஸ் பிடித்தேன். கடை அக்கா தன் பெரிய தொட்டியின் ஃபில்டரிலிருந்து கன்னங்கரேல் என்று ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, அதே தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டினார். காயவிட்டால் போச்சு, வெயில் படாமல் கொண்டு போ என்றார். திரும்பும் பஸ்ஸில், மடியில் நான் குழந்தை மாதிரி வைத்திருந்த கவரைப் பக்கத்து சீட்டு அம்மாள் ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"அழுக்குங்க. கும்பகோணத்துல வாங்கிட்டு வரேன்."

"ஏன், உங்க வீட்டுல இல்லியா?"

"இருந்துச்சுங்க. கழுவிட்டேன்."

அவர் அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருவிடைமருதூரில் இறங்கி, வீடு வரை ஓட்டமும் நடையும்தான். வெளுத்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுக் கறுத்ததை வைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் தண்ணீரை மாற்றுவது என் வேலை, குடம் சுமப்பது அப்பா. அம்மாவுக்கோ தீனி போடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. டப்பாவை நான் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. மீன்கள் பட்டினி கிடக்க நமக்கு எதற்கு அப்பளம் என்று ஒருநாள் பொரிக்கவும் இல்லை.

கறுத்த ஸ்பாஞ்சு வைத்த ஐந்தாம் நாள் நான் குளித்துக்கொண்டிருக்கையில் கதவு தடதடத்தது. தலையில் ஷாம்பு நுரையோடு ஓடினேன். தண்ணீர் தெளிந்திருந்தது. பெரிய மீன் அடியில் தலைகுப்புற நின்று ஒரு கூழாங்கல்லை வாயில் கவ்வி, சப்பிப் பார்த்து, துப்பியது. கண்ணாடியில் 'டிக்' என்று சத்தம். மற்ற இரண்டும் அதைத் துரத்தின.

"இப்பவாச்சும் போடலாமாடி?"

தீனியில் நாலே நாலு மணி என்றேன். அம்மா எண்ணி நாலு போட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்தாவதையும் போட்டது.