அண்ணாச்சிக்காக எழுதிய இரண்டாவது மனு

சீன யுத்தம் முடிந்த மறு வருஷம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். தென்காசியில் எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பெண் நான். எங்கள் குடும்பத்திலோ பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளே நான்தான். தெருவுக்கு வரும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி, உடம்பு முடியாமல் பட்டாளத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். அவருடைய ஊனப் பென்ஷனுக்கு நான்தான் மனு எழுதினேன். என்ன நோய் என்று கேட்டால், காய்ச்சல் என்று போடச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். தேசம், தியாகம் என்று இரண்டு பக்கம் பளபளவென்று எழுதினேன். பட்டாளத்தில் வந்த ஊனம் எதுவும் தெரியவில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

அந்த வாரமே அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர், என்னைக் குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போனார். பெண்கள் குளிக்கும் பக்கம் அருவிக்கு அடியில் நின்றுகொண்டு, என் காதருகே வாயை வைத்துக் கத்தினார்.

"பட்டாளத்துல அவுகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துதுட்டி. கன்னத்தோட நிக்காம கீழ எறங்கிட்டு. வெதை ரெண்டும் சுருங்கிப் போச்சு. இப்ப தாடி மொளைக்கல, நாலு எட்டு நடந்தா தளந்துருதாக. அத்தை என்னைய மலடிங்குதா. புளியங்குடியில வேற பொண்ணும் பாத்தாச்சு. நீ இதை எழுதுவியா, கூச்சப்படுவியா?"

எழுதுவேன் என்று நானும் கத்தினேன்.

மதினி பேசிப் பேசி அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்தார். ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு நானும் மதினியும் லேடி டாக்டரிடம் ஓடினோம். விதை சுருங்கியதால் ஹார்மோன் குறைந்துவிட்டது, தாடியும் தெம்பும் போனதற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் விளக்கி, அதற்குரிய இங்கிலீஷ் வார்த்தைகளையும் சொன்னார். காது சுட்டது. ஆனாலும் பென்சில் நிற்கவில்லை. இந்த மனு அரைப் பக்கம்தான். என்ன நோய், எந்த முகாமில் வந்தது, அதனால் இழந்தது என்ன, அவ்வளவே. மறுபடி பரிசோதனைக்கு அழைத்தார்கள். அண்ணாச்சி தலைகுனியாமல் போய் வந்தார்.

கார்த்திகையில் பதில் வந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே எனக்கு நெஞ்சு துள்ளியது. பென்ஷன் கிடைத்துவிட்டது என்று சொல்லி அதோடு நிறுத்தப் பார்த்தேன். அவருடைய அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"முழுசும் தமிழ்ல வாசிம்மா," என்றார் அண்ணாச்சி. "எங்கம்மையும் கேக்கட்டும்."

பட்டாளத்தில் வந்த நோயால் இவருக்குக் குழந்தை உண்டாக வழியில்லை என்று சத்தமாக வாசித்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "புளியங்குடிக்கு ஒரு கார்டு எழுது. பொண்ணு வேண்டாம்னு போடு," என்றார்.

உள்ளே நின்ற மதினி அழுகையும் சிரிப்புமாக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் எழுதிய வேகத்தில் புளியங்குடிக் கார்டெல்லாம் மை.

படித்தவள் என்ற கர்வம் எனக்கு இப்போதும் நிறையவே உண்டு. ஆனால் யாருக்கு மனு எழுத உட்கார்ந்தாலும், நல்ல வார்த்தை தேடுவதற்கு முன்னால், உள்ளது என்ன என்று கூசாமல் கேட்டுவிடுகிறேன்.